ரிப்போர்ட் நார்மலானதும் ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்தலாமா?

இதய நோய்க்காகத் தொடர் சிகிச்சையில் இருப்பவர்களிடம், மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாத்திரையாக விசாரித்து வரும்போது, நான் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு: "கொழுப்பு நார்மலுக்கு வந்துடுச்சு சார், அதான் அந்த மாத்திரையை மட்டும் விட்டுட்டேன்." ரத்த அழுத்த மாத்திரையையும் ஆஸ்பிரினையும் நாள் தவறாமல் எடுத்துக்கொள்பவர்கள்கூட, ஸ்டேட்டின் வகை மாத்திரைகளான அட்டோர்வாஸ்டேட்டினையோ ரோசுவாஸ்டேட்டினையோ தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். எண் இறங்கிவிட்டால் மருந்தின் வேலையும் முடிந்தது என்று எண்ணுவது இயல்புதான். ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பை இந்த மாத்திரை கரைத்து வெளியேற்றிவிடுகிறது என்ற நம்பிக்கையிலிருந்தே அந்த எண்ணம் பிறக்கிறது. ஸ்டேட்டின் எதையும் கரைப்பதில்லை. அது செய்யும் வேலை கல்லீரலுக்குள் நடக்கிறது. அந்த வேலை என்னவென்று புரிந்துகொண்டால், எப்போது சாப்பிட வேண்டும், எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும், ஏன் நிறுத்தக் கூடாது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

கொலஸ்ட்ரால் நமக்குத் தேவையான பொருள். உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. பித்த அமிலங்களும், கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களும் அதிலிருந்துதான் உருவாகின்றன. அதனால் உணவில் வருவதை மட்டும் நம்பியிராமல், தேவையின் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. முட்டையே தொடாத சுத்த சைவக்காரருக்கும் கொலஸ்ட்ரால் ஏறி நிற்பதற்கு இதுவே காரணம். நீரில் கரையாத இந்தப் பொருள் ரத்தத்தில் தனியாகப் பயணிக்க முடியாது. புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்துகள்களில் ஏறித்தான் போக வேண்டும். அத்துகள்களில் எல்.டி.எல். எனப்படுவது அளவுக்கு மிஞ்சி, ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கிப் படிவாக வளர்கிறது.

கல்லீரல் செல்லில் கொலஸ்ட்ரால் உருவாவது ஏறத்தாழ முப்பது படிகள் கொண்ட நீண்ட வேதிவினைத் தொடர். அதன் தொடக்கத்திலேயே, ஹெச்.எம்.ஜி.-கோ.ஏ. என்ற மூலக்கூறை மெவலோனேட்டாக மாற்றும் படி வருகிறது. ஒட்டுமொத்த உற்பத்தியின் வேகத்தையும் தீர்மானிப்பது இந்த ஒரு படிதான். அதைச் செய்து முடிக்கும் நொதியின் பெயர் ஹெச்.எம்.ஜி.-கோ.ஏ. ரிடக்டேஸ். ஸ்டேட்டின் மூலக்கூறின் ஒரு பகுதி பார்ப்பதற்கு ஹெச்.எம்.ஜி.யைப் போலவே அமைந்திருப்பதால், அது அந்த நொதியின் இடத்தில் போய் அமர்ந்துகொண்டு, உண்மையான மூலப்பொருளை உள்ளே விடாமல் தடுக்கிறது. உற்பத்தி குறைகிறது.

பலருக்குத் தெரிந்த கதை இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் ரத்தத்தில் எல்.டி.எல். இறங்குவதற்கு முக்கியக் காரணம் இதற்கு அடுத்து நடப்பதுதான். செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைந்ததும், அந்தக் குறைவை உணரும் ஒரு புரதம் செல்லின் உட்கருவுக்குச் சென்று, எல்.டி.எல். துகளைப் பிடிக்கும் புரதங்களான எல்.டி.எல். ஏற்பிகளைத் தயாரிக்கும் மரபணுவைத் தூண்டிவிடுகிறது. வீட்டில் அடுப்பு பற்றவைக்க முடியாத நாளில் கடையிலிருந்து சாப்பாடு வரவழைப்பதைப் போல, உள்ளே தயாரிக்க முடியாத கொலஸ்ட்ராலைக் கல்லீரல் வெளியே ரத்தத்திலிருந்து எடுக்கத் தொடங்குகிறது. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் கூடுதலாக முளைக்கும் ஏற்பிகள் ஒவ்வொன்றும் ஒரு எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, சுமார் பத்து நிமிடங்களில் மீண்டும் மேலே வந்து அடுத்த துகளுக்குத் தயாராகிவிடுகின்றன. இந்த ஏற்பிகளை 1970களில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆகவே, மாத்திரை சாப்பிடும் காலத்தில் வரும் நார்மல் ரிப்போர்ட் என்பது கூடுதல் ஏற்பிகள் அன்றாடம் உழைத்துக்கொண்டிருப்பதன் கணக்கு. மாத்திரையை நிறுத்தினால் நொதி விடுபடுகிறது. செல்லுக்குள் உற்பத்தி பழையபடி தொடங்குகிறது. கூடுதல் ஏற்பிகளுக்குத் தேவையில்லாமல் போகிறது. சில வாரங்களுக்குள் எல்.டி.எல். பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறது. மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்துப் பார்த்து, "இத்தனை நாள் சாப்பிட்டும் குணமாகலையே" என்று வருத்தப்படுபவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான்: சாப்பிட்ட காலம் முழுவதும் மருந்து வேலை செய்திருக்கிறது, நிறுத்திய பின்பு வேலை செய்யவில்லை.

மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அட்டோர்வாஸ்டேட்டின் 10 மி.கி. எல்.டி.எல்.லை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைக்கிறது. அதையே எட்டு மடங்காக்கி 80 மி.கி. கொடுத்தாலும் பாதிக்குச் சற்று மேல்தான் குறையும். ஒவ்வொரு முறை அளவை இரட்டிக்கும்போதும் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம் அளவிலான குறைவே. ஏற்பிகளைப் பெருக்கும் அதே சமிக்ஞை, அவற்றை அழிக்கக்கூடிய பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தையும் பெருக்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். அதனால்தான் இலக்கு எட்டாதபோது அளவை ஏற்றிக்கொண்டே போகாமல், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் என்ற மாத்திரையைச் சேர்க்கிறோம். அதுவும் போதாதபோது பி.சி.எஸ்.கே.9 புரதத்தை முடக்கும் ஊசிகள் இருக்கின்றன, விலைதான் எல்லாருக்கும் எட்டுவதாக இல்லை. இரவில்தான் சாப்பிட வேண்டுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தி இரவில் மிகுதி என்பதால், உடலில் சில மணி நேரமே தங்கும் சிம்வாஸ்டேட்டினை இரவில் எடுப்பது நல்லது. அட்டோர்வாஸ்டேட்டினும் ரோசுவாஸ்டேட்டினும் நெடுநேரம் தங்குபவை. மறக்காமல் சாப்பிட வசதியான எந்த நேரமும் அவற்றுக்குப் பொருந்தும்.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டால், "இங்கிலீஷ் மருந்து, ஒரே கெமிக்கல்" என்று ஒதுக்குபவர்கள் சற்று வியக்கக்கூடும். ஜப்பானில் சாங்க்யோ நிறுவனத்தில் பணிபுரிந்த அகிரா எண்டோ என்ற உயிர்வேதியியலாளர், தம்மைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ள, அவற்றின் மெவலோனேட் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைச் சில பூஞ்சைகள் சுரக்கக்கூடும் என்று ஊகித்து, 1971இல் தேடலைத் தொடங்கினார். ஏறத்தாழ 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்த பின், கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியிலிருந்து எடுக்கப்பட்ட பெனிசிலியம் சிட்ரினம் என்ற நீலப்பச்சைப் பூசணத்தில், 1973இல், காம்பாக்டின் என்ற முதல் ஸ்டேட்டின் அகப்பட்டது. ஆனால் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. திட்டமே கைவிடப்படும் நிலையில், முட்டையில் கொலஸ்ட்ரால் மிகுதி என்பதால் முட்டையிடும் கோழியின் ரத்தத்திலும் அது மிகுதியாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கோழிகளுக்குக் கொடுத்தார், எண் இறங்கியது. காம்பாக்டின் விற்பனைக்கு வரவில்லை. மற்றொரு பூஞ்சையிலிருந்து மெர்க் நிறுவனம் பிரித்தெடுத்த லோவாஸ்டேட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, சந்தைக்கு வந்த முதல் ஸ்டேட்டின் ஆனது. எண்டோ 2024இல் தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

ரத்தப் பரிசோதனையில் ஓர் எண் இறங்குவது மட்டும் சிகிச்சை ஆகாது. மாரடைப்பும் மரணமும் குறைய வேண்டும். அந்த ஐயத்தை முதலில் தீர்த்தது, ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடத்தப்பட்டு 1994இல் வெளியான சிம்வாஸ்டேட்டின் ஆய்வு. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், மருந்து எடுத்தவர்களிடையே மொத்த இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. பின்னர் வந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, எல்.டி.எல். டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 39 மி.கி. குறையும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவது உறுதியாயிற்று. அடைப்பு கரைந்து மறைந்துவிடுவதால் வரும் பலன் அன்று இது. மாரடைப்புகளில் பல, குழாய் மெல்ல மெல்ல முழுதும் மூடிப்போவதால் வருவதில்லை. மெல்லிய மூடியுடன் இருக்கும் ஒரு படிவு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. எல்.டி.எல். வரத்துக் குறையும்போது படிவின் மூடி தடித்து, உள்ளிருக்கும் அழற்சி தணிந்து, வெடிக்கும் வாய்ப்பு குறைகிறது. "ஸ்டென்ட் வச்சாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஸ்டென்ட் சரிசெய்தது ஓரிடத்தை, மீதமுள்ள குழாய்களைப் பாதுகாப்பது மாத்திரை.

நார்மல் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பரிசோதனைத் தாளில் அச்சிட்டிருக்கும் வரம்பு பொதுவான மனிதருக்கானது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே இருக்க வேண்டும், இன்று பல வழிகாட்டுதல்களின்படி 55க்குக் கீழேயே இருக்க வேண்டும். அவருடைய தாளில் 98 என்று வந்தால் ஆய்வகம் அதைத் தடித்த எழுத்தில் காட்டாது. நான் அதைக் கூடுதல் என்றே சொல்வேன். தெற்காசியர்களுக்குப் பிற இனத்தவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே மாரடைப்பு வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாற்பதுகளில் இருக்கும் சர்க்கரை நோயாளியிடம் நாங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறோம் என்பது விளங்கும்.

பக்கவிளைவுகளில் அதிகம் பேசப்படுவது தசைவலி. தொடை, கெண்டைக்கால், தோள் ஆகிய இடங்களில் இரு பக்கமும் ஒரே மாதிரி, பெரும்பாலும் தொடங்கிய முதல் சில வாரங்களில் அல்லது மாதங்களில் வரும் வலி மருந்தால் ஏற்பட்டதாக இருக்கலாம். ஆனால் பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினைக் கைவிட்டிருந்த 60 பேரிடம் லண்டனில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, என் அணுகுமுறையையே மாற்றியது. சில மாதங்கள் ஸ்டேட்டின், சில மாதங்கள் அதைப் போலவே தோன்றும் மருந்தில்லா மாத்திரை, சில மாதங்கள் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, தினமும் தொந்தரவின் அளவைக் குறிக்கச் செய்தார்கள். ஸ்டேட்டினால் வந்ததாகக் குறிக்கப்பட்ட தொந்தரவில் 90 சதவீதம், மருந்தில்லாத மாத்திரையிலும் அப்படியே வந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வலி உண்மை, காரணம்தான் பெரும்பாலும் மருந்து அன்று. தசைவலி என்று வருபவருக்கு, தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. அளவும், தைராய்டும் பார்க்கிறேன். தைராய்டு குறைபாடு தசைவலியையும் கொலஸ்ட்ராலையும் ஒருங்கே கூட்டிவிடும் என்பதால் அதைத் தவறவிடக் கூடாது. பிறகு சில வாரம் நிறுத்திப் பார்ப்பதும், குறைந்த அளவிலோ வேறொரு ஸ்டேட்டினிலோ மீண்டும் தொடங்குவதும் பலருக்குப் பலன் தருகிறது. மாறாக, கடுமையான தசைவலியுடன் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தசை நார்கள் சிதையும் இந்த நிலை மிக அரிது. கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும் சில ஸ்டேட்டின்களின் அளவை ரத்தத்தில் பன்மடங்கு ஏற்றி இதை வரவழைக்கக்கூடும். ஆகவே தோல் படைக்கோ தொண்டைப் புண்ணுக்கோ வேறு மருத்துவரிடம் சென்றாலும் ஸ்டேட்டின் எடுப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கல்லீரல் நொதி எஸ்.ஜி.பி.டி. சிலருக்கு லேசாக ஏறும். இயல்பு வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறுவது நூற்றில் ஒருவர் அளவில்தான், அதுவும் நிறுத்தினால் இறங்கிவிடும். சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவர்கள் சிலரை ஸ்டேட்டின் சற்று முன்னதாகவே அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது என்பது உண்மை. மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. கருவுற்றிருப்பவர்களும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் தங்கள் மருத்துவரிடம் பேசி நிறுத்துவதே பெரும்பாலும் சரி.

உணவைப் பற்றிக் கேட்காத நோயாளி இல்லை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்லி, தினமும் கொள்ளு ரசம் வைத்துக் குடித்துவிட்டு மாத்திரையை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கொள்ளு நல்ல உணவு, சாப்பிடுங்கள். ஆனால் அந்தப் பழமொழி பேசுவது உடல் பருமனை. ஒல்லியாக இருப்பவருக்கும் எல்.டி.எல். 180 இருக்கலாம். வனஸ்பதி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய், பேக்கரிப் பண்டங்கள், கொழுப்பு மிக்க இறைச்சி ஆகியவற்றைக் குறைத்தால் எல்.டி.எல். ஓரளவு இறங்கும். இதய நோய் வந்தவருக்குத் தேவையான பாதிக்குப் பாதி குறைவை உணவால் மட்டும் எட்ட முடியாது. இன்னும் இதய நோய் வராத, எல்.டி.எல். சற்றே ஏறிய ஒருவருக்கு உணவும் நடைப்பயிற்சியுமே முதல் சிகிச்சை. அவர்கள் எல்லாருக்கும் மாத்திரை எழுதுவதில் எனக்கும் உடன்பாடில்லை.

எல்.டி.எல். 190க்கு மேல் இருப்பவர்களின் நிலை வேறு. அவர்களில் சிலருக்கு எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவிலேயே குறை இருக்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் குறையுள்ள மரபணு வந்திருந்தால், மற்றொரு மரபணு தயாரிக்கும் ஏற்பிகளைப் பெருக்கி ஸ்டேட்டின் நன்றாகவே உதவுகிறது. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் பெருக்குவதற்கு நல்ல ஏற்பிகளே இருக்காது என்பதால் ஸ்டேட்டின் பெரிதாகக் கைகொடுப்பதில்லை; சிறுவயதிலேயே மாரடைப்பு வரும் அபாயம் உள்ள அக்குழந்தைகளுக்கு வேறு சிகிச்சைகள் வேண்டும். உங்கள் தாளில் 190ஐத் தாண்டிய எண் இருந்தாலோ, குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தாலோ, மருத்துவரிடம் அதைச் சொல்வதோடு, உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை செய்துவிடுங்கள். அதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டும் என்ற கட்டாயம்கூடப் பெரும்பாலும் இல்லை.