உருளைக்கிழங்குக்கு 'வாம்' போடுவதற்கு முன்னால்

நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் ஒரு உருளைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது, விவசாயி ஒருவர் கையில் வாம் பாக்கெட்டோடு வந்து, "சார், இதை எந்த உரத்தோட கலந்து போடணும்?" என்று கேட்டார். எதோடும் கலக்க வேண்டாம் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மலைக்காய்கறி விவசாயிகளுக்கு மண்ணைப் பற்றி ஆலோசனை சொல்வது என் வேலை. வாம், வேர் உட்பூசணம், மைக்கோரைசா என்று எந்தப் பெயரில் கேட்டாலும், பெரும்பாலும் அதை இன்னொரு மூட்டை உரமாக நினைத்துத்தான் கேட்கிறார்கள். அது உரம் இல்லை. வேருக்குள் பாதியும் மண்ணுக்குள் பாதியுமாக வாழ்கிற ஒரு பூஞ்சை.

உருளையின் வேர் கொஞ்சம் சோம்பேறி. பெரும்பகுதி மேல் ஓரடி மண்ணிலேயே நின்றுவிடும். மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) நகராத சத்து. தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு ஓடி வருவதுபோல அது வராது. வேரை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்து முடித்தால், அடுத்தது மெதுவாக ஊர்ந்து வரும்வரை வேர் காத்துக்கிடக்க வேண்டியதுதான். போதாததற்கு நீலகிரி மண் அமில மண். போடுகிற மணிச்சத்தில் பெரும்பங்கை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மலைப்பகுதி உருளைக்குப் பரிந்துரையே எக்டேருக்குத் தழை 120, மணி 240, சாம்பல் (பொட்டாஷ்) 120 கிலோ என்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த இடத்தில்தான் பூஞ்சை உதவுகிறது. அதன் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத மண் இடுக்கில் புகுந்து, சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் மணிச்சத்தையும் கொஞ்சம் துத்தநாகம், தாமிரத்தையும் கொண்டுவந்து தரும். இலவசமாக இல்லை. செடி ஒளிச்சேர்க்கையில் சம்பாதிக்கும் கரிமத்தில் 4 முதல் 20 சதவீதம் வரை கூலியாகப் போகிறது. கூலி கொடுப்பவர் கணக்குப் பார்ப்பார் இல்லையா? கைக்கெட்டும் தூரத்திலேயே மணிச்சத்து கொட்டிக் கிடந்தால் செடி பூஞ்சையை வேருக்குள் அதிகம் விடுவதில்லை.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு தோட்டத்தில் பாதிக்கு வாம் போட்டு, பாதியைச் சும்மா விட்டு, இரண்டு பக்கமும் முழு அளவு கலவை உரமும் போடவைத்தேன். அறுவடையில் இரண்டு பக்கமும் ஒரே எடை. பாக்கெட்டில்தான் கோளாறு என்று ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அந்த நிலத்தின் மண் பரிசோதனைச் சீட்டை ஒழுங்காகப் பார்த்தேன், வருடக்கணக்கில் போட்டுச் சேர்ந்த மணிச்சத்து 'அதிகம்' என்ற கட்டத்தில் இருந்தது. அதோடு அந்த நிலத்தில் முந்தைய போகம் முட்டைக்கோஸ்.

முட்டைக்கோஸ் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதை யாரும் விவசாயியிடம் சொல்வதில்லை. கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு இந்தக் குடும்பம் முழுவதுமே வேர் உட்பூசணத்தோடு சேராது. பீட்ரூட்டும் சேராது. இந்தப் பூஞ்சை உயிருள்ள வேர் இல்லாமல் வளராது, ஆகவே கோஸ், பீட்ரூட், மறுபடி கோஸ் என்று ஓட்டினால் மண்ணில் ஏற்கெனவே இருந்ததும் போகத்துக்குப் போகம் குறைந்துகொண்டே வரும். கேரட், பூண்டு, பீன்ஸ், பட்டாணி எல்லாம் பூஞ்சைக்குப் பிடித்தவை. உருளைக்கு முன்னால் பூண்டோ பீன்ஸோ வந்தால், காசு கொடுத்து வாங்காத வாம் அந்த நிலத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, அப்படியானால் பாக்கெட் வீணா? இல்லை. கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவில் 2011 முதல் 2014 வரை உருளை வயல்களில் நடந்த 231 சோதனைகளைத் தொகுத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. வாம் இட்ட வயல்களில் எக்டேருக்குச் சராசரியாக 3.9 டன், அதாவது 9.5 சதவீதம் கூடுதல் மகசூல். ஆனால் அது சராசரி. பலன் தராத வயல்களும் அதற்குள் இருக்கின்றன.

போடுவதென்றால் விதைக்கிழங்குக்கு அடியில், குழியிலேயே போடுங்கள். வேர் முளையின் அடியிலிருந்துதான் கிளம்புகிறது, முதல் நாளே பூஞ்சை அதைத் தொட வேண்டும். மேலே தூவுவதும் மண் அணைக்கும்போது போடுவதும் வீண். விதைக்கிழங்கைக் கார்பெண்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியில் முக்கி எடுத்துவிட்டு அதன்கீழேயே வாம் போடுவது, விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது போல. மணிச்சத்தை மண் பரிசோதனைப்படி குறையுங்கள். நான் கால் பங்கிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஒரே போகத்தில் பாதியை வெட்ட வேண்டாம். இலைக்கருகலுக்கு அடிக்கும் மெட்டலாக்சில் இந்தப் பூஞ்சையைக் கொன்றுவிடுமோ என்று சிலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கருகல் கிருமி உண்மையான பூஞ்சையே இல்லை, அந்த மருந்து குறிவைப்பது அந்த வேறு இனத்தைத்தான்.

இன்னொன்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டிலேயே குழி வெட்டி, மக்காச்சோளம் விதைத்து வாம் பெருக்கலாம், நல்ல முறைதான். ஆனால் குழிக்கு உருளைத் தோட்டத்து மண்ணை எடுக்காதீர்கள். 1961இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட, உருளை வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு அந்த மண்ணில் இருக்கலாம். அதன் முட்டைகள் கூட்டுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்ததே அதனால்தான். வாம் என்ற பெயரில் புழுவைத் தோட்டம் தோட்டமாக நாமே சுமக்க வேண்டாம். வெர்மிகுலைட் என்ற, சூட்டில் பொரித்த இலேசான கனிமத் துகளில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

வேரில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெறும் கண்ணால் தெரியாது. நட்டு ஆறேழு வாரத்தில் கொஞ்சம் மெல்லிய வேரைப் பிடுங்கிக் கழுவி மண் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். காரக் கரைசலில் (ஆல்கலி) வேகவைத்து, வினிகரில் கலந்த நீல மையில் ஊறவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வேர்ச் செல்லுக்குள் குட்டி மரங்கள் மாதிரி கிளை விட்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, நடும்போதே இரண்டு பார் (வரிசை) மட்டும் வாம் போடாமல் விட்டு, குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேரையும் தனிப் பையில் கொண்டுவாருங்கள்.