கை கொடுக்க வைத்தால் சண்டை தீர்ந்துவிடுமா?

இந்தத் தவணையிலும் அதே கதை. தரம் எட்டுப் பிள்ளைகள் மண்சரிவு பற்றிக் குழுச் செயற்திட்டம் செய்தார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடியதை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள், அதனால் ஆர்வத்துக்குக் குறைவில்லை. களிமண்ணில் மலைச்சரிவு, பாசியை ஒட்டித் தேயிலை மலை, தீப்பெட்டிகளை அடுக்கித் தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்கள். ஒப்படைப்பதற்கு முதல் நாள் அட்டை இரண்டாகக் கிழிந்து கிடந்தது. இரண்டு மாணவிகள் ஆலோசனை ஆசிரியையான என்னிடம் வந்தார்கள். "கை கொடுக்க வைத்து, மன்னிப்பும் கேட்க வைத்துவிட்டேன், பிரச்சினை முடிந்தது" என்று வகுப்பாசிரியரிடம் இருந்து தகவலும் வந்தது.

எதுவும் முடிந்திருக்கவில்லை.

"இவள் ஒன்றும் செய்யவில்லை டீச்சர். காசும் தரவில்லை, சனிக்கிழமையும் வரவில்லை" என்றாள் ஒருத்தி. மற்றவள் வாய் திறக்கவே இல்லை. அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குழு கூடியது கடைவீதிப் பக்கத்து வீடொன்றில். இவள் இருப்பது தொலைவில், தோட்டத்தின் மேல் டிவிசனில். சனிக்கிழமை அம்மா கொழுந்துக்குப் போனதால் தம்பியைப் பார்க்க வேறு ஆள் இல்லை. பிரிஸ்டல் போர்ட்டுக்குக் காசு கேட்டபோது சம்பளத் திகதி வந்திருக்கவில்லை. இதை நான்கு பேர் முன்னால் சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? "உன் பெயரை எடுத்துவிடுவோம்" என்றதும் அட்டையைக் கிழித்துவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள், கை கொடுத்ததால் எது தீர்ந்தது? கட்டாய மன்னிப்பு ஆசிரியரின் தலைவலியை மட்டுமே தீர்க்கிறது. குற்றம் சாட்டிய பிள்ளைக்குத் தன் உழைப்பை யாரும் மதிக்கவில்லை என்ற கோபம் அப்படியே இருக்கிறது. கிழித்த பிள்ளைக்குத் தன் பேச்சு எடுபடாது என்பது உறுதியாகிவிடுகிறது. அடுத்த செயற்திட்டத்தில் இதே இருவர் இன்னும் மோசமாக மோதுவார்கள். பிறகு ஆசிரியர் அறையில் ஒரு வசனம் வரும்: "தோட்டத்துப் பிள்ளைகள் அப்படித்தான்." தயவு செய்து அதைச் சொல்லாதீர்கள். அந்தச் சண்டை பிள்ளையின் குணத்தில் பிறக்கவில்லை, நாம் வேலையைப் பிரித்துக் கொடுக்காததில் பிறந்தது.

எனவே குழு நான்கு பேரைத் தாண்ட வேண்டாம். "சேர்ந்து செய்யுங்கள்" என்று விட்டுவிடாமல் யார் எதைச் செய்வது என்பதை எழுத வையுங்கள். 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில், இனப் பகைமை புகைந்த வகுப்பறைகளில் உளவியலாளர் எலியட் அரோன்சன் செய்தது இதைத்தான்: பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்றைக் கொடுத்தார். ஒருவரின் துண்டு இல்லாமல் மற்றவருக்குப் பாடம் முழுமையாகாது. கெட்டிக்காரப் பிள்ளையைத் தலைவராக்கிவிட்டு ஒதுங்குவது இதற்கு நேர் எதிரானது. வேலை முழுவதும் பாடசாலை நேரத்துக்குள் நடக்கட்டும். காசு வசூல் வேண்டவே வேண்டாம், பழைய நாட்காட்டித் தாளும் அட்டைப்பெட்டியும் தாராளமாகப் போதும்.

சண்டை வந்துவிட்டால் முதலில் ஆற விடுங்கள். பிறகு ஒவ்வொருவரும் குறுக்கீடு இல்லாமல் பேசட்டும். கேட்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். கடைசியில் "இந்த வேலையை எப்படி முடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தீர்ப்பு உங்கள் வாயில் இருந்து வரக் கூடாது. அந்த இரு மாணவிகளும் தாங்களாகவே கண்ட வழி, இடைவேளையில் அட்டையைச் சேர்ந்து ஒட்டுவது. விளக்கக் குறிப்புகள் முழுவதையும் மேல் டிவிசன் பிள்ளை எழுதினாள். கையெழுத்து அவளுக்குத்தான் அழகு என்பது குழுவுக்கு அதுவரை தெரியாது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அடிப்பதும், சாதியையோ லயத்தையோ சொல்லிக் கேலி செய்வதும் சண்டை அல்ல, வதை. அங்கே இருவரையும் சமமாக உட்கார வைத்துப் பேச வைப்பது பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். உடனே அதிபரிடம் கொண்டுபோங்கள்.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை அழுதுகொண்டு வந்தால் "யார் அடித்தது?" என்று தொடங்காமல் "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மற்றப் பிள்ளையின் பெயரைப் போடாதீர்கள். காசு இல்லை, தூரம் அதிகம், வீட்டில் வேலை இருக்கிறது என்றால் அதை முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.