“மகனிட்டக் கேட்டுப்போட்டு வாறன் பிள்ளை”

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி. வட இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தோம். நான் அங்கே வைத்தியர். எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஐயா, கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வந்திருந்தார். சீனி வருத்தம், பிரசர் இரண்டும் உள்ளவர். ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்று என் மேசைக்கு வந்ததும் கேட்டார்:

“இது சீனா ஊசியோ?”

“ஓம் ஐயா, சைனோபாம்.”

“அப்ப நான் கனடாவில இருக்கிற மகனிட்டக் கேட்டுப்போட்டு வாறன் பிள்ளை.”

அவருக்குப் பின்னால் வாசல் தாண்டியும் ஆட்கள் நின்றார்கள். “சரி ஐயா” என்றுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். ஓகஸ்ட் கடைசியில் அவரை, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில்தான் மறுபடி கண்டேன். மூச்செடுக்க முடியாமல் இருந்தார். நாடு முழுக்க நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த டெல்டா அலை அது. ஐயா திரும்பி வரவில்லை. ஊசி போட்டிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த ஊசியும் நூறு வீதம் காப்பாற்றாது. ஆனால் அன்றைக்கு அவரை இரண்டு நிமிடம் இருத்தி வைத்து, மகன் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. (இந்தக் கதைகளில் வருகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மகனில் பிழை இல்லை. அவர் இருந்த நாட்டில் பைசர் கிடைத்தது, போட்டுக்கொண்டார். அப்பாவுக்கும் நல்லதுதான் கிடைக்க வேண்டும் என்று நினைத்து, “பைசர் வரட்டும், பொறுங்கோ” என்றார். ஆனால் ரொறன்ரோவில் பொறுத்திருப்பதும் வன்னியில் பொறுத்திருப்பதும் ஒன்றல்ல. எங்கள் உட்கிராமங்களில் இருந்து ஒக்சிசன் உள்ள ஒரு கட்டிலுக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். இரவில், மழையில் எவ்வளவு எடுக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் கைக்கு எட்டிய ஊசியை உடனே போடச் சொன்னோம்.

சைனோபாமைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததை அவருக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம். அது செயலிழக்கச் செய்த வைரஸில் இருந்து செய்யும் பழைய முறை ஊசி. விசர்நாய் கடித்தால் நாங்கள் போடும் ஊசியும் அதே முறையில்தான் செய்யப்படுகிறது. அதைப் போடாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021 மே 7இல் சைனோபாமுக்கு அவசரகால அனுமதி கொடுத்தது. நோய் அறிகுறி வராமல் தடுக்கும் ஆற்றல் 79 வீதம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஆனால் ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் குறைவாகவே இருந்தார்கள். அதையும் ஒளிக்காமல் சொல்லியிருப்பேன். அந்த ஆண்டின் கடைசியில் பைசர் மூன்றாவது ஊசியாக வந்தது. முதல் இரண்டையும் போட்டிருந்தவர்கள் அதுவரை வெறுங்கையோடு இருக்கவில்லை.

அந்த ஐயாவுக்குப் பிறகு ஒரு பழக்கத்தை மாற்றினேன். யாராவது “கேட்டுப்போட்டு வாறன்” என்றால், “இப்பவே போன் எடுங்கோ, நான் கதைக்கிறன்” என்பேன். இங்கே காலை ஒன்பது மணி என்றால் ரொறன்ரோவில் முந்தைய நாள் இரவு பதினொன்றரை. பலர் நித்திரைக் கண்ணோடு எடுத்துப் பேசினார்கள். ஒரு மகள் லண்டனில் இருந்து பத்து நிமிடம் கேள்வி கேட்டா. கடைசியில், “அம்மாவுக்கு வாபரின் குளிசை குடுக்கினம், அதைச் சொன்னவவோ?” என்றா. அம்மா சொல்லியிருக்கவில்லை. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களுக்கும் ஊசி போடலாம். ஆனால் மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். தொலைவில் இருந்த மகளால்தான் எங்களுக்கு அது தெரியவந்தது.

என் கதையையும் சொல்கிறேன். சிறு வயதில் பெனிசிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கினவள் நான். 2021 ஜனவரி 29இல் நாட்டில் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கொவிஷீல்ட் தொடங்கியது. என் முறை வந்தபோது வயிற்றுக்குள் பயம் இருந்தது. மருத்துவம் படித்தாலும் பயம் வரத்தான் செய்யும். மூத்த வைத்தியர் ஒருவரிடம் கேட்டேன். “பெனிசிலின் ஒவ்வாமை இதற்குத் தடையில்லை, ஆனால் போட்ட பிறகு அரை மணித்தியாலம் இடத்தை விட்டு அசையாதே” என்றார். அப்படியே இருந்தேன். அன்று இரவு குளிர்ந்து காய்ச்சல் வந்தது. பனடோல் போட்டுக்கொண்டு படுத்தேன். அடுத்த நாள் பின்னேரம் எழும்பிவிட்டேன். பிறகு ஊசி போட வந்தவர்களிடம் “ஒன்றும் செய்யாது” என்று நான் சொல்லவே இல்லை. காய்ச்சல் வரலாம், கை உளையலாம். கொவிஷீல்ட் வகை ஊசியில் ஏறத்தாழ லட்சத்தில் ஒருவருக்கு இரத்தம் கட்டியாகும் பாரதூரமான பிரச்சினை வந்தது. பைசர் வகையில் மிகச் சில இளைஞர்களுக்கு இதயத் தசையில் அழற்சி வந்தது, பெரும்பாலானோருக்கு மாறியும் விட்டது. இதையெல்லாம் சொன்னால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று சில சக ஊழியர்கள் பயந்தார்கள். என் மேசையில் அப்படி நடக்கவில்லை.

வன்னிச் சனத்துக்கு ஊசி என்றால் பயம் என்று வெளியில் இருந்து சிலர் எழுதினார்கள். எனக்குக் கோபம் வந்தது. போர் நடந்த தொண்ணூறுகளில், போலியோ சொட்டு மருந்து நாட்களுக்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்தியபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த தாய்மார்களின் ஊர் இது. 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ வரவில்லை என்றால் அதில் அவர்களின் நடைக்கும் பங்கிருக்கிறது.

இங்கே இருந்த பயங்கள் வேறு. விசுவமடுப் பக்கத்து அம்மா ஒருவரை மறக்க முடியாது. 2009இல் முள்ளிவாய்க்காலில் காயப்பட்டவர், இடது தோளுக்குள் இன்னும் செல் (எறிகணை) துண்டுகள் இருக்கின்றன. ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டும் என்று வட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். “எனக்குள்ள ஏற்கெனவே இரும்பு கிடக்கு. ஊசியும் போட்டா அது நகர்ந்து நெஞ்சுக்குப் போகாதோ?” என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை, சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஊசியில் இரும்பு இல்லை, அரை மில்லிலீற்றர் மருந்து தசைக்குள் போகிறது. இத்தனை வருடத்தில் துண்டைச் சுற்றி உடம்பே தழும்பால் ஒரு உறை கட்டியிருக்கும், ஊசி மருந்து அதை நகர்த்தாது. காயப்படாத மற்றக் கையில் போடலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும்போதுதான் உடம்புக்குள் இரும்பு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அதில் பலமான காந்தம் இருக்கிறது. இதைச் சொல்லி முடித்ததும் அம்மா சட்டைக் கையை மடித்தபடி, “பன்னிரண்டு வருஷமா இதைப் பற்றி ஒருத்தரும் எனக்கு விளங்கப்படுத்தேல்லை. வலக்கையில போடுங்கோ பிள்ளை” என்றார்.

உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள் இதைப் படித்தால், எந்த ஊசிக்குப் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள். குளிசை, ஒவ்வாமை, கர்ப்பம், முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சு முட்டியது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வரிசை நீண்டால் நிற்கட்டும்.

போன மாதம் ஒரு பாடசாலைக்கு எச்.பி.வி. ஊசிக்காகப் போயிருந்தோம். 2017இல் இருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் போடுகிறோம். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. ஒரு தாய் சம்மதக் கடிதத்தைக் கையெழுத்திடாமல் கொண்டுவந்து, “கொரோனா ஊசிக்குச் சொன்ன மாதிரி, இதைப் போட்டா நாளைக்குப் பிள்ளை பெற ஏலாமப் போகுமோ டொக்டர்?” என்றா. இரண்டு ஊசியும் அப்படிச் செய்வதில்லை, அந்தப் புற்றுநோய் வந்து கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தால் பிள்ளை பெற முடியாமல் போகும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தா.

“எனக்கு விளங்குது டொக்டர். வீட்டில மாமிதான் வேண்டாமெண்டு நிக்கிறா. அவவிட்டயும் ஒருக்காச் சொல்லுறீங்களோ?”

போனை வாங்கி, “அம்மா, நான் டொக்டர் கதைக்கிறன்” என்று தொடங்கினேன்.