லேசர் முடிந்தது, டியூபை எடுத்தீர்களா?

போன வாரம் இன்னொருவர். மார்த்தாண்டம் பக்கம் வீடு, வேலை வளைகுடாவில். விடுப்பில் வந்தபோது சிறுநீர்க்குழாய்க் கல்லுக்கு லேசர் செய்திருக்கிறார். அப்போது உள்ளே வைத்த டியூபை 3 வாரத்தில் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் டிக்கெட் நாள் வந்துவிட, விமானம் ஏறிவிட்டார். 2 வருடம் கழித்துக் காய்ச்சலும் குளிருமாக வந்தார். எக்ஸ்ரேயில் டியூபின் இரண்டு முனையிலும் கல் கட்டியிருக்கிறது. "வலி நின்னுபோச்சே டாக்டரே, பின்ன எதுக்கு வரணும்னு இருந்திட்டேன்" என்கிறார். இதே பதிலை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

லேசர் என்றால் வெளியிலிருந்து ஒளி அடிப்பார்கள், கல் ஆவியாகிவிடும் என்றே நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. (வெளியிலிருந்து உடைப்பது அதிர்வலை, அது வேறு சிகிச்சை.) சிறுநீர் வரும் வழியாகவே கேமரா உள்ள மெல்லிய கருவியை ஏற்றி, அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத இழையைக் கல்லின் மேல் வைத்து, பெரும்பாலும் ஹோல்மியம் லேசரால் உடைக்கிறோம். கல் தூளாகும், சில்லாகும். மாயமாகாது. அது இறங்கி வரவேண்டும். கருவி போய்வந்த குழாயோ வீங்கியிருக்கும். அடைப்பு வராமலிருக்கத்தான் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை டிஜே ஸ்டென்ட் என்கிற இந்த மெல்லிய டியூபை வைக்கிறோம். எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் வைத்தால் எடுத்தே ஆகவேண்டும். அது கரையாது. முனைகள் சுருண்டிருப்பதால் தானாக விழவும் செய்யாது. வாழைத்தண்டுச் சாறு எத்தனை டம்ளர் குடித்தாலும் அது வராது!

குறித்த நாளில் வந்தால் சில நிமிட வேலை. பெரும்பாலும் மரப்பு ஜெல்லியே போதும். கல் கட்டிவிட்டால் முதுகில் துளை போட்டு எடுக்க நேரலாம், ஒரே தடவையில் முடியாமலும் போகலாம். சிறுநீரகத்தையே இழந்தவர்களும் உண்டு.

டியூப் இருக்கும்போது கொஞ்சம் ரத்தம் கலந்து போவதும், அடிக்கடி முட்டுவதும், விலாவில் இழுப்பதும் சகஜம். குளிர்காய்ச்சல் சகஜமல்ல. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்று ராத்திரியே வாருங்கள்.

அப்புறம், லேசர் இருக்கிற கல்லைத்தான் உடைக்கும். புதுக் கல் வராமல் தடுக்காது. கடலுக்குப் போகிறவர்களும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களும் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்கவேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது கல்லுக்கு லேசர் செய்திருந்தால், தயவுசெய்து அந்த டிஸ்சார்ஜ் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்ததாக எழுதி, எடுத்ததாக எதுவும் இல்லையென்றால் ஒரு எக்ஸ்ரே போதும், தெரிந்துவிடும். வெளிநாட்டில் இருந்தால் இப்போதே போன் பண்ணிக் கேளுங்கள். அங்கேயே எடுத்துக்கொள்ளலாம், ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.