கட்டியாக இல்லாத புற்றுக்குக் கதிர் அடிப்பது எப்படி?

மீள்குடியேற்றக் காலத்தில் கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு அஸ்பெஸ்டஸ் சீற்றை கிரைண்டரால் அறுக்கும்போது கிளம்பும் வெள்ளைத் தூசி தெரிந்திருக்கும். அதிலுள்ள நுண்ணிய நார்கள் மூச்சோடு உள்ளே போய், நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுவரை சேரலாம். அங்கே தங்கி வருடக்கணக்கில் புண்படுத்தி, பெரும்பாலும் 20 முதல் 50 வருடங்களுக்குப் பிறகு உண்டாக்கும் புற்றுதான் மீசோதீலியோமா. நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடைசெய்தது. கூரைக்கு வருவது வெள்ளை. அதன் வீரியம் குறைவுதான், ஆனால் அதுவும் புற்றுநோய் தரக்கூடியதே. அதற்காக ஒரு நாள் தூசி பட்டவர் தூக்கம் கெடுக்கத் தேவையில்லை, இது அரிதான நோய்.

எங்கள் ஆட்கள் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சையில் மின்சாரம் உடம்புக்குள் போவதில்லை. இயந்திரத்துக்குள் இலத்திரன்களை விரட்டி டங்ஸ்டன் தகட்டில் மோதவிட, வீரியமான எக்ஸ் கதிர் பிறக்கிறது. அது கலத்துக்குள் டீஎன்ஏயின் இரண்டு இழைகளையும் அறுக்கிறது. மொத்த அளவையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் நாள்நாளாகப் பிரிப்பது, நல்ல கலங்கள் இடைவேளையில் தங்களைத் திருத்திக்கொள்ளட்டும் என்றுதான்.

சரி, உருண்டைக் கட்டி என்றால் நாலு பக்கமிருந்தும் குறிவைக்கலாம். மீசோதீலியோமாவோ தோடம்பழத் தோல்போல நுரையீரலைச் சுற்றிப் படர்கிறது. அந்தப் புற்றை அடக்க 50 கிரே (உடம்பு வாங்கும் கதிரின் அளவை அளக்கும் அலகு) அளவில் வேண்டும். நுரையீரல் முழுவதும் 20 கிரே பட்டாலே அழற்சி கண்டுவிடும். கதிரை வளைவுகளுக்கு ஏற்றபடி செதுக்கும் நவீன முறைகூட இங்கே தடுமாறியிருக்கிறது. ஒரு பக்க நுரையீரலை அகற்றிய பின் இம்முறையில் கதிர் பெற்ற 13 பேரில் 6 பேர், மிஞ்சிய நுரையீரலில் வந்த அழற்சியால் இறந்ததாக பொஸ்ரன் மருத்துவர்கள் 2006இல் எழுதினார்கள். குறி தப்பவில்லை. சிதறிய சிறு அளவே அந்த நுரையீரலுக்குத் தாங்கவில்லை. அதன்பிறகு மற்ற நுரையீரலுக்குப் போகும் அளவுக்கு எல்லை மிகவும் இறுக்கப்பட்டது.

ஊசி, குழாய் போட்ட தழும்பின் வழியே புற்று பரவாமலிருக்க முன்கூட்டியே கதிர் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 203 பேரை வைத்து பிரித்தானியாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் அதனால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

கதிர் உருப்படியாக உதவுவது நெஞ்சுச் சுவரை அரிக்கும் வலிக்குத்தான். 5 நாளில் 20 கிரே, வலிக்கும் இடத்துக்கு மட்டும். எல்லாருக்கும் கேட்காது, கேட்டவர்களுக்கு சில வாரங்களில் வலி குறையும். வன்னியிலிருந்து தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் மருத்துவமனைகளுக்குப் போய்த் தங்கவேண்டிய நோயாளிக்கு, நீண்ட கதிர்ச் சிகிச்சையின் ஆறு வாரத்துக்குப் பதிலாக ஒரு வாரம் என்பது சின்ன விசயமில்லை.