சிமெண்டைக் கூட்டினால் சுவர் கெட்டியாகிவிடுமா?

போன வாரமும் அதே கதைதான். பூச்சு இல்லாமல் செங்கல் தெரியும்படி கட்டிய பழைய வீடு. கற்களுக்கு நடுவே சாந்து வெடித்து உதிர்கிறது என்று யாரோ வந்து, சிமெண்டை அள்ளிப் போட்டுக் குழைத்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அந்தச் சிமெண்ட் கோடுகள் அசையாமல் நிற்கின்றன, செங்கல்தான் முகம் உரிந்து, விரல் பட்டாலே பொடியாகக் கொட்டுகிறது. வீட்டுக்காரர் "கல்லு மட்டம் போல சார்" என்கிறார். கல் இத்தனை வருடம் நன்றாகத்தானே நின்றது!

எத்தனை தடவை சொன்னாலும் ஏறாத விஷயம் இது: சாந்து செங்கல்லைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது. சுவர் குடித்த ஈரம் சாந்து வழியாக வெளியே போக வேண்டும். அந்த வழியைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல் வழியாகத்தான் வரும், கூடவே உப்பையும் கொண்டுவரும், அந்த உப்புதான் கல்லின் முகத்தை உரிக்கிறது. சுவர் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போதும் விட்டுக்கொடுக்க வேண்டியது சாந்துதான். வெடித்தால் அது வெடிக்கட்டும், சுரண்டிவிட்டு வேறு வைத்துக்கொள்ளலாம். கல்லை அப்படி மாற்ற முடியுமா? சுண்ணாம்பில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான், ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். சிமெண்டில் கட்டியது என்றாலும் சாதாரணச் செங்கல்லுக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் தாராளம்.

அப்புறம் பழைய சாந்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசைத் தடவும் வேலை. தயவுசெய்து வேண்டாம். 10 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் குறைந்தது 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பழையதைச் சுரண்டி, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் புதுச் சாந்தை உள்ளே அழுத்த வேண்டும், அதுவும் ஒரே அப்பாக அப்பாமல் அடுக்கடுக்காக. வறண்ட கல் சாந்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், மறு மாதமே பொருக்காக உதிரும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதத்தில் தேய்த்துவிடுங்கள். உளியும் சுத்தியும் போதும். கல் அறுக்கும் கிரைண்டரைப் பழகாத கையில் கொடுத்தால் கல்லின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும் (தின்ற சுவர்களை நிறையப் பார்த்தாயிற்று). எதில் சுரண்டினாலும் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை. வேலை முடிந்ததும் ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரமாவது காயவிடாமல் வையுங்கள், சுண்ணாம்பென்றால் இன்னும் சில நாள் கூடுதலாக.

இதற்கெல்லாம் முன்னால் சாந்து ஏன் வெடித்தது என்று பாருங்கள். குழாய் ஒழுகினால் முதலில் குழாய். விரிசல் படிக்கட்டு மாதிரி ஏறிப்போனால், அல்லது கல்லையே பிளந்துகொண்டு போனால், அது அஸ்திவாரம் இறங்குவதாக இருக்கலாம். அதை அடைத்து மறைக்காதீர்கள். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள், நீண்டாலோ அகன்றாலோ பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை அதன் மேல் கரண்டி படவே கூடாது.