ஸ்டூடியோ ஆல்பம்: சொல் விளக்கம்

'ஸ்டூடியோ ஆல்பம்' என்று தமிழில் எழுதினால் முதலில் நினைவுக்கு வருவது கல்யாணம்தான். போட்டோ ஸ்டூடியோக்காரர் இரண்டு மாதம் இழுத்தடித்துக் கொண்டுவந்து தரும் கனத்த ஆல்பம், பளபளக்கும் அட்டை, மேகத்துக்கு நடுவே ஒட்டவைத்த மாப்பிள்ளையும் பெண்ணும். ராக் இசை பற்றிய செய்திகளை மொழிபெயர்க்கிறவர்கள் இந்தச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு ஸ்டூடியோவும் தெரியும், ஆல்பமும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன என்பதுதான் தெரியாது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். 2023 அக்டோபர் 20 அன்று லண்டனின் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு 'ஹாக்னி டைமண்ட்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. குழு தொடங்கியது 1962இல். பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 80 வயது, கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸுக்கு 79. உலகம் முழுக்கச் செய்தி ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தது: '18 ஆண்டுகளுக்குப் பிறகு புதிய பாடல்களுடன் ரோலிங் ஸ்டோன்ஸின் ஸ்டூடியோ ஆல்பம்.'

இந்த வாக்கியத்தில் எதையும் உருவ முடியாது. 'புதிய பாடல்களுடன்' என்பதை எடுத்துவிட்டால் செய்தி பொய்யாகிவிடும். ஏனென்றால் 2016இல் இதே குழு 'ப்ளூ அண்ட் லோன்சம்' என்று ஒரு ஸ்டூடியோ ஆல்பம் வெளியிட்டிருந்தது. அதிலுள்ள 12 பாடல்களும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் பழைய கலைஞர்களுடையவை. மூன்றே நாளில் வாசித்துப் பதிவு செய்துவிட்டார்கள். சரி, 'ஸ்டூடியோ' என்பதை எடுத்துவிடலாமா? அதுவும் வம்பு. 2012இல் வந்த 'கிர்ர்' பழைய வெற்றிப் பாடல்களின் மூட்டை. ஆனால் அதன் கடைசியில் இரண்டு புத்தம்புதுப் பாடல்களைச் செருகியிருந்தார்கள். ஆக, 2005இல் வந்த 'எ பிக்கர் பேங்'குக்கும் 2023க்கும் நடுவில் இவர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய பாட்டைப் பாடினார்கள், இரண்டொரு புதுப் பாட்டும் போட்டார்கள், ஊர் ஊராகக் கச்சேரியும் செய்தார்கள். செய்யாதது, ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து முழுதாக ஒன்றைப் புதிதாக உருவாக்குவதுதான். அந்த ஒன்றுக்குத்தான் 'ஸ்டூடியோ ஆல்பம்' என்று பெயர்.

ஆல்பம் லத்தீன் சொல். 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. பண்டைய ரோமில் வெள்ளை பூசிய பலகையில் அரசாணைகளையும் பொது அறிவிப்புகளையும் எழுதி வைப்பார்கள். அந்தப் பலகைதான் ஆல்பம். முட்டை வெள்ளைக்கருவின் ஆல்புமின் இதே வேரில் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் மாணவர்கள் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்தும் நாலு வரியும் வாங்கி வைக்கும் வெற்று ஏட்டுக்கு 'நண்பர்களின் ஆல்பம்' என்று பெயர் வந்தது. கல்லூரிக் கடைசி நாளில் நாம் நீட்டும் ஆட்டோகிராப் நோட்டின் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தபால்தலை ஒட்டும் ஏடு, புகைப்படம் ஒட்டும் ஏடு எல்லாமே ஆல்பமாயின.

இசை இதற்குள் வந்த கதை வேடிக்கையானது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்கு இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், பெரிய தட்டென்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் கொள்ளும். ஒரு முழு சிம்பொனியைக் கேட்க நான்கைந்து தட்டுகள் வேண்டும். அவற்றை உறைகளில் போட்டு, உறைகளைப் புத்தகம்போல் தைத்து, அட்டை கட்டி விற்றார்கள். பார்ப்பதற்குப் புகைப்பட ஆல்பம் மாதிரியே இருந்ததால் அதே பெயர். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்திலேயே 20 நிமிடத்துக்கு மேல் கொண்டது. புத்தகம் தேவையில்லாமல் போயிற்று. பெயர் மட்டும் தட்டில் ஒட்டிக்கொண்டது. தட்டு போய் கேசட், கேசட் போய் சிடி, சிடியும் போய் இப்போது கைபேசியில் ஒரு சதுரப் படமாக நிற்கிறது. வெள்ளைப் பலகையில் தொடங்கிய பொருளில் இன்று பலகையும் இல்லை, ஏடும் இல்லை.

ஸ்டூடியோவின் கதை சுருக்கமானது. லத்தீனில் 'ஸ்டூடியம்' என்றால் ஈடுபாடு, முனைப்பு. இத்தாலியில் ஓவியர், சிற்பிகளின் பணியறைக்குப் பெயராயிற்று. மாணவனைக் குறிக்கும் ஸ்டூடன்ட் என்பதும் இதன் தங்கை. தமிழ்நாட்டில் ஒலிப்பதிவுக் கூடம் என்று சொல்கிறோம். இலங்கை வானொலிக்காரர்கள் 'கலையகம்' என்று அழகாகச் சொல்லிப் பழக்கினார்கள்.

இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று? எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காயிலிருந்தும் கடலையிலிருந்தும் எடுத்ததையெல்லாம் எண்ணெய் என்று அழைக்கத் தொடங்கியபின், மண்ணிலிருந்து வந்ததுகூட மண்ணெண்ணெய் ஆனபின், அசல் எண்ணெய்க்கு 'நல்ல' என்று ஓர் அடைமொழி தேவைப்பட்டது. ஆல்பத்துக்கும் அதுவே நடந்தது. கச்சேரியை மேடையிலிருந்தே பதிவு செய்து விற்பதும், பழைய பாடல்களைப் பொறுக்கிச் சேர்த்து விற்பதும் பெருகப் பெருக, கூடத்தில் புதிதாகச் செய்த ஆல்பத்துக்கு 'ஸ்டூடியோ' என்ற முன்னொட்டு வந்து சேர்ந்தது. ரசிகர்கள் ஒரு குழுவின் ஆல்பங்களை எண்ணும்போது இந்த வகையை மட்டும்தான் எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையிலும் தகராறு உண்டு. 'ஹாக்னி டைமண்ட்ஸ்' பிரிட்டிஷ் கணக்கில் 24ஆவது, அமெரிக்கக் கணக்கில் 26ஆவது. 1960களில் இரு நாட்டு நிறுவனங்களும் பாடல்களை மாற்றி மாற்றி அடுக்கித் தனித்தனியாக வெளியிட்டதன் விளைவு.

கூடத்தில் செய்தது என்ற அடைமொழிக்கு எவ்வளவு கனம் என்பது இந்த ஆல்பம் உருவான விதத்தைப் பார்த்தால் தெரியும். இடைப்பட்ட வருடங்களில் அவர்கள் கூடத்துக்குப் போகாமல் இல்லை. போவார்கள், வாசிப்பார்கள், எதுவும் முடியாது. 2021 ஆகஸ்டில் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் காலமானார். 1963 முதல் அந்த இருக்கையில் இருந்தவர். அதற்குப் பின் ஜாகர் ஒரு கெடு வைத்தார்: 2023 காதலர் தினத்துக்குள் முடித்தாக வேண்டும். 2022 கிறிஸ்துமஸை ஒட்டி உட்கார்ந்தார்கள். 23 பாடல்களை மளமளவென்று பதிவு செய்தார்கள். அவற்றிலிருந்து தேறியவை 12. தயாரிப்பாளராக வந்த ஆண்ட்ரூ வாட் 1990இல் பிறந்தவர். குழுவின் மூத்தவர்களுக்குப் பேரன் வயது. தினமும் ஒரு புது ரோலிங் ஸ்டோன்ஸ் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவாராம். ரசிகனையே மேஸ்திரியாக வைத்ததுதான் வேலை முடிந்ததற்குக் காரணம் என்பது என் கணிப்பு. அறுபது வருடப் பழக்கமுள்ள இருவர் தங்களுக்குள் விட்டால் இன்னும் பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

டிரம்ஸில் ஸ்டீவ் ஜோர்டன் அமர்ந்தார். ஆனால் இரண்டு பாடல்களில் கேட்பது சார்லி வாட்ஸின் கைதான். 2019இல் அவர் வாசித்துப் பதிவாகிக் கிடந்தவற்றை எடுத்து மேலே கட்டினார்கள். அதில் 'லிவ் பை த ஸ்வோர்ட்' என்ற பாடலுக்குப் பழைய பேஸ் கிட்டார் கலைஞர் பில் வைமனை அழைத்தார்கள். 1990களின் தொடக்கத்திலேயே குழுவை விட்டுப் போனவர் அவர். அவர் வந்து வாட்ஸின் தாளத்தின் மேல் வாசித்துவிட்டுப் போனார். பியானோவில் எல்டன் ஜான். போனவர், விலகியவர், விருந்தாளி என எல்லாரும் ஒரே பாட்டில் சேர்ந்து வாசிக்கிறார்கள். எந்த மேடையிலும் இப்படி ஒரு வரிசையை நிறுத்த முடியாது. ஏற்கெனவே பதிவானதன் மேல் இன்னொன்றை ஏற்றிப் பதியும் வசதி கூடத்தில் மட்டுமே உண்டு. இன்னொரு பாடலில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி பேஸ் வாசிக்கிறார். 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி எழும்புகிறது. அதில் லேடி காகாவின் குரலும் ஸ்டீவி வொண்டரின் பியானோவும்.

ஆல்பத்தின் பெயருக்கும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஹாக்னி கிழக்கு லண்டனில் உள்ள பகுதி. திருடன் கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனபின் ரோட்டில் மின்னும் சில்லுகளுக்குக் கொச்சையில் 'ஹாக்னி வைரம்' என்று பெயர். வெளியீட்டுக்கு முன் உள்ளூர்ப் பத்திரிகையான 'ஹாக்னி கெஸட்'டில், கண்ணாடி பழுதுபார்க்கும் கடை போல ஒரு விளம்பரம் வந்தது. வாசகத்துக்குள் பழைய பாடல்களின் பெயர்களை ஒளித்து வைத்திருந்தார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். ஆல்பத்துக்கு இப்போது பரவலாக எழுதுவது 'இசைத்தொகுப்பு'. பழகிய சொல், தவறென்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் இங்கே கையை விரித்துவிடுகிறது. தொகுப்பது என்றால் ஏற்கெனவே இருப்பதைச் சேர்ப்பது. எட்டுத்தொகைப் பாடல்களைத் தொகுத்தவர்கள் அவற்றைப் பாடிய புலவர்கள் இல்லை, பின்னால் வந்தவர்கள். ஆகவே 'கிர்ர்' ஒரு தொகுப்பு என்றால் சரி. 'ஹாக்னி டைமண்ட்ஸ்' என்பதையும் தொகுப்பு என்று சொன்னால், 18 ஆண்டுக் காத்திருப்பு எதற்கு என்றே வாசகருக்குப் புரியாது.

நம்மிடம் 'கோவை' இருக்கிறது. கோத்தது கோவை. சிற்றிலக்கிய வகையாகவும் நெடுங்காலம் வழங்கியது. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் 400 பாடல்கள். ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். ஆனாலும் தலைவனும் தலைவியும் சந்திப்பது முதல் ஒரு வரிசையில் கோக்கப்பட்டவை. ஒருவரே பாடி, ஒருவரே அடுக்கியது. நல்ல ஆல்பத்துக்கு இலக்கணம் சொல்லச் சொன்னால் இதைவிட என்ன சொல்வது? ஆகவே 'பாடற்கோவை' என்பது என் பரிந்துரை. வெறும் 'கோவை' என்று விட்டால் கோயம்புத்தூர் குறுக்கே வரும், இலங்கையில் அலுவலகக் கோப்பும் வரும். 'இசைக்கோவை' என்றால் சினிமாவின் இசைக்கோர்ப்போடு குழம்பும். பாட்டே இல்லாத வாத்திய ஆல்பத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்துச் சொற்களும் தயாராகவே இருக்கின்றன. காளமேகம் முதலானோரின் உதிரிப் பாட்டுகளைச் சேர்த்த நூலுக்குத் 'தனிப்பாடல் திரட்டு' என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். இசைத்துறையில் சிங்கிள் என்பது தனிப்பாடல். வெற்றிப் பாடல்களைப் பொறுக்கிச் சேர்த்தது திரட்டு. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் 1961இல் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் பேச ஆரம்பித்தபோது ஜாகரின் கையில் இருந்தவற்றுள் ஒன்று ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸின் திரட்டு. குழுவுக்குப் பெயர் தந்த 1950ஆம் ஆண்டுத் தனிப்பாடலும் அதில் உண்டு. அந்தப் பாடலையேதான் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' என்ற கோவையின் கடைசியில் அவர்கள் இருவர் மட்டும் வாசித்து வைத்தார்கள். லைவ் ஆல்பத்துக்கு 'மேடைப்பதிவு' போதும். 'நேரலை' என்று எழுதாதீர்கள். 1969இல் நடந்த கச்சேரியை இன்று கேட்பது எப்படி நேரலை ஆகும்?

'ஸ்டூடியோ' என்ற அடைமொழியை எப்போதும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மற்ற மூன்றுக்கும் தனிப் பெயர் வந்துவிட்டால் பாடற்கோவை என்றாலே கூடத்தில் செய்ததென்று ஆகிவிடும். வேறுபடுத்தியே ஆகவேண்டிய இடத்தில் 'கூடப்பதிவு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போயிற்று.

கம்பேக் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்குப் பின் நடிக்க வரும் நடிகைகளுக்கு அந்தக்காலப் பத்திரிகைகள் 'மறுபிரவேசம்' போட்டன. இப்போது 'ரீ-என்ட்ரி', 'செகண்ட் இன்னிங்ஸ்', கிரிக்கெட் புண்ணியத்தில் 'கம்பேக் கொடுத்தார்'. 'மீள்வருகை' நல்ல சொல்தான். ஆனால் போனவர்தான் மீள முடியும். ஐந்து வருடம் காணாமல் போன குழுவுக்கு அது பொருந்தும். 2021லும் 2022லும் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்த ரோலிங் ஸ்டோன்ஸுக்குப் பொருந்தாது. '18 ஆண்டுகளுக்குப் பின் ரோலிங் ஸ்டோன்ஸின் புதிய பாடற்கோவை' என்று தலைப்பு வைத்தால் செய்தி முழுதாக வந்துவிடுகிறது.

நம் ஊரில் இன்னொரு கூத்தும் உண்டு. சினிமாவில் இல்லாத ஒற்றைப் பாட்டுக்கு இங்கே 'ஆல்பம் சாங்' என்று பெயர். யூடியூபில் ஒரே ஒரு பாட்டு வெளியிட்டவரும் 'ஆல்பம் பண்ணியிருக்கேன்' என்கிறார். பேச்சில் அது வேரூன்றிவிட்டது, மாற்ற முடியாது. எழுதும்போதாவது அதைத் தனிப்பாடல் என்று எழுதுங்கள். அவரே பத்துப் பாட்டுப் போட்டு வரிசைப்படுத்தி வெளியிடும்போது பாடற்கோவை என்று எழுதிக்கொள்ளலாம்.